பெரியவருக்குத் துரு பிடித்தது

செடிக்குக் காது கிடையாது. மனித குலத்துக்கு இந்த உண்மையை முதன்முதலாக எடுத்துச் சொன்ன பெருமை லிஃப்ட் மெக்கானிக் பிரகடனத்தையே சேரும். சொன்ன இடம், அவர் குடியிருந்த வீட்டின் பின்வாசல் படி. நேரம், காலை ஏழரை. அப்போது அங்கே கூடியிருந்த மனித குலம் மொத்தம் இரண்டு பேர். ஒருவர் அவருடைய அக்கா. இன்னொருவர் மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தையற்காரம்மா.

"காது மட்டுமில்ல, மூளையும் கிடையாது, நரம்பும் கிடையாது. நல்லா கேட்டுக்கங்க. செடிகிட்ட பேசுறதும் செங்கல்கிட்ட பேசுறதும் ஒண்ணு. இதை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரத் தயார்."

"எழுதித் தந்துடாதேடா. பிழை திருத்தி மாளாது" என்றாள் அக்கா. பிறகு செடிகளின் பக்கம் குனிந்து, "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

பிரகடனம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. அக்கா வைத்தது. மற்றவர்கள் பேசுகிற இடத்தில் அவர் அறிவிப்பார். சட்டையைக் காணவில்லை என்றால், "இந்த வீட்டில் சட்டைகளுக்குப் பாதுகாப்பு இல்லை" என்று ஆரம்பிப்பார். ஐம்பத்திரண்டு வயதில், இருபத்தெட்டு வருஷ அனுபவத்தில், நகரத்தில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் கைபட்டுத்தான் மேலே போய்க் கீழே வந்தன. பழுது பார்க்கும்போது கதவில் தொங்கவிட அவரே கைப்பட எழுதிய பலகை ஒன்று வைத்திருந்தார். "பணி நடைபெருகிறது" என்று அதில் இருக்கும்.

அக்கா அவரைவிட ஆறு வயது மூத்தவள். முப்பத்தொரு வருஷமாக ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவள். காதில் சிவப்புப் பேனா, மூக்கில் கண்ணாடி, மடியில் எப்போதும் அச்சுக்குப் போகாத தாள்கள். தம்பியின் பலகையை முதன்முதலில் பார்த்தபோது அவளுக்கு நெஞ்சே அடைத்துவிட்டது.

"வல்லின றகரம்டா. இது நடை பெருகுதுன்னு அர்த்தம்."

"இருக்கட்டும்."

"ஆமா, யோசிச்சா சரிதான். லிஃப்ட் நின்னா ஜனங்களுக்கு நடை பெருகத்தானே செய்யும்."

அவளுக்குக் கல்யாணம் நடந்து மூன்று வருஷத்தில் முடிந்துபோயிருந்தது. அவருக்கு நடக்கவேயில்லை. இரண்டைப் பற்றியும் அந்த வீட்டில் பேச்சு கிடையாது. பேச்செல்லாம் பெரணிகளைப் பற்றித்தான்.

வீட்டின் வடக்குச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே எட்டடி அகலத்தில் ஒரு துண்டு நிலம். பக்கத்து மனையின் மூன்று பெரிய மரங்கள் குடை மாதிரி கவிந்து, அங்கே வெயில் எட்டிப் பார்க்காமல் செய்துவிட்டன. அக்கா ரோஜா வைத்துப் பார்த்தாள், கத்தரி வைத்துப் பார்த்தாள், எதுவும் தேறவில்லை. கடைசியில் காட்டுக்குள் மர நிழலில் தானாக வளர்கிற பெரணிகளைக் கொண்டுவந்து வைத்தாள். மக்கிய இலையைக் கொட்டி, மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றினாள். அவை நாங்கள் இதற்குத்தான் காத்திருந்தோம் என்பதுபோலத் தழைத்தன. பூக்காது, காய்க்காது, மணக்காது. பச்சையாக இருக்கும், அவ்வளவுதான்.

"வேலை வெட்டிக்குப் போகாத சொந்தக்காரங்க மாதிரி இருக்கு. வந்து உக்காந்து தின்னுட்டு, அழகா சட்டை மட்டும் போட்டுக்கிட்டு" என்பார் பிரகடனம்.

"உன்னை மாதிரி சத்தம் போடுறதில்லையே."

அவற்றுள் மூத்தது ஒன்று இருந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மலைப்பக்கம் போயிருந்தவள் ஈரக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தது. இப்போது இடுப்பு உயரம், பதினெட்டு நீள இலைகள். அதற்குப் பெரியவர் என்று பெயர். தினமும் காலையில் அவள் "போயிட்டு வரேன்" என்பது எல்லாச் செடிக்கும் பொதுவாகத்தான் என்றாலும், பார்வை பெரியவர் மேல்தான் இருக்கும். தம்பியோ அக்காவிடமே "போறேன்" என்றுதான் சொல்லுவார். "போறது நிச்சயம். வர்றது வந்தாத்தான் தெரியும். உறுதி இல்லாததை நான் சொல்றதில்ல" என்பது அவர் கொள்கை.

*

பிறகு அக்காவின் வயிற்றில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார்கள். இரண்டு வாரம் என்றார்கள்.

கிளம்புகிற அன்று காலை, ஒரு முழுத் தாளில் தம்பிக்குக் கட்டளைகள் எழுதிவைத்தாள். தண்ணீரைத் தலையில் ஊற்றாதே, அடியில் ஊற்று. டிரம்மில் இருக்கிற மழைத்தண்ணீரை மட்டும் எடு. குருத்து மேல் மண்ணைப் போட்டு மூடிவிடாதே, அதற்கு மூச்சு முட்டும். உதிர்ந்த இலைகளைப் பெருக்கிச் சுத்தம் பண்ணாதே, அதுதான் அவற்றுக்குப் போர்வை. பழைய இலை காய்ந்து தொங்கினாலும் வெட்டாதே; புதுச் சுருள் தலைகாட்டிய பிறகுதான் பழசு போகணும். கடைசியாக, எதையும் நோண்டாதே. கடைசி வரிக்கு மட்டும் சிவப்பில் இரண்டு அடிக்கோடு.

பிரகடனம் தாளை வாங்கிப் படித்துவிட்டுப் படியில் ஏறி நின்றார். "நீ திரும்பி வர்றப்போ இதுல ஒரு இலை, ஒரே ஒரு இலை குறைஞ்சிருந்தா என் பேரை மாத்திக்கிறேன்."

"எந்தப் பேரை?"

வாசலில் கார் நின்றது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் போனாள். பெரியவர் முன்னால் நின்றாள். அவள் குனிய முயல்வதையும், முடியாமல் நிமிர்வதையும் பிரகடனம் பார்த்தார். பார்க்காததுபோல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"போயிட்டு வரேன்" என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து, அது சரியாகக் கேட்டிருக்காதோ என்பதுபோல, மறுபடியும் சொன்னாள்.

"ரெண்டு வாரத்துக்கு வழியனுப்பு விழாவா?"

"சொல்லிட்டுப் போனா திரும்பி வரணும்னு ஞாபகம் இருக்கும்டா."

"யாருக்கு?"

அக்கா காரில் ஏறிக்கொண்டாள்.

*

முதல் பத்து நாள் பிரகடனம் ராணுவ ஒழுங்கோடு தண்ணீர் ஊற்றினார். லிஃப்ட் பராமரிப்புப் படிவத்திலேயே தினசரி அறிக்கை எழுதி, மாலையில் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார். "பெரியவர்: நன்றாக இயங்குகிரது. மற்றவை: நன்றாக இயங்குகிரது." அக்கா படுத்தபடியே சிவப்புப் பேனாவால் ரகரங்களைச் சுழித்து றகரம் ஆக்கித் திருப்பிக் கொடுப்பாள். "செடி இயங்குதாடா?" என்று கேட்டு, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

இரண்டு வாரம் என்றவர்கள், இன்னும் சில நாள் என்றார்கள்.

பதினோராவது நாள் காலையில்தான் அந்த விபரீதம் நடந்தது. பெரியவரின் இலை ஒன்று காற்றில் புரண்டு அடிப்பக்கத்தைக் காட்டியது. அதில் பழுப்புப் புள்ளிகள். பிரகடனம் மண்டியிட்டு இன்னொரு இலையைத் திருப்பினார். அதிலும். பதினெட்டையும் திருப்பிப் பார்த்தார். நடு நரம்புக்கு இருபுறமும் இரண்டு வரிசையாக, தகட்டில் ஆணி அடித்த மாதிரி, துருப்பிடித்த பழுப்பில் புள்ளிகள்.

துருவைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இருபத்தெட்டு வருஷமாக அவருடைய ஜென்மப் பகையாளி அது. கம்பிவடத்தில் ஒரு இழையில் துரு கண்டால் வடத்தையே மாற்றிவிட வேண்டும், தயங்கினால் பெட்டி கீழே போய்விடும் என்று பயிற்சிக்கு வருகிறவர்களிடம் மேஜையைத் தட்டிச் சொல்லுகிறவர். செடிக்கும் துரு நோய் என்று ஒன்று உண்டு என எங்கேயோ கேட்டிருந்தார். அக்கா எழுதிய தாளை ஒரு தடவை எடுத்துப் பார்த்தார். "வெட்டாதே" என்று இருந்தது. ஆனால் அது காய்ந்த இலையைப் பற்றியது. துருவைப் பற்றித் தாளில் ஒரு வரி இல்லை. அவள் இல்லாத நேரத்தில், அவளுடைய பத்தொன்பது வருஷத்துச் செடியைத் துரு தின்ன விட்டுவிட்டு, எந்த முகத்தோடு ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பது?

பட்டறைக் கத்தரியைக் கொண்டுவந்தார். பதினெட்டையும் அடியோடு அறுத்தார்.

அவருடைய தொழிலில் ஒரு விதி உண்டு. கழற்றிய பாகத்தை, அது எவ்வளவு நாசமாகப் போயிருந்தாலும், உரிமையாளர் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை எறியக்கூடாது. நாளைக்கு யாராவது வந்து நல்ல பாகத்தைக் கழற்றிவிட்டாய் என்று சொல்லக் கூடாதல்லவா? அதனால் வீட்டில் குவிந்து கிடந்த அக்காவின் பழைய பிழைதிருத்தத் தாள்களில் இலைகளை மூன்று மூன்றாகச் சுற்றினார். கம்பி போட்டுக் கட்டினார். அட்டை ஒன்றில் "கழட்டிய பாகம். காரணம்: துரு" என்று எழுதித் தொங்கவிட்டு அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினார். மனசு நிறைந்திருந்தது.

மதிலுக்கு மேலே தையற்காரம்மாவின் தலை தெரிந்தது.

"என்னண்ணே, கீரையெல்லாம் அறுத்தாச்சா? எனக்கு ஒரு கட்டு குடுத்திருக்கலாம்ல?"

"அது கீரை இல்லம்மா. அறுவை சிகிச்சை."

"அக்காவுக்குத்தானே அறுவை சிகிச்சைன்னு சொன்னீங்க?"

பிரகடனம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைய அறிக்கையில், "பெரியவர்: பராமரிப்பில் உள்ளார்" என்று எழுதினார். அக்கா அன்று அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தாளைத் திருத்தவில்லை.

*

அடுத்த வாரம் ஒரு மாலை, அவளுக்குக் கொஞ்சம் தெளிவு இருந்தது. முகம் சுருங்கிக் கண்ணாடி பெரிதாகிவிட்டிருந்தது. தலையணையை உயர்த்திவைக்கச் சொன்னாள்.

"பெரியவருக்குப் பொட்டு வந்துருச்சாடா?"

"என்ன பொட்டு?"

"இலையைத் திருப்பிப் பாத்தியா? அடியில ரெண்டு வரிசையா வரும். முதல்ல வெளுப்பா இருக்கும். அப்புறம் பழுப்பாகும். பழுத்தா தூளா கொட்டும். அதுதான்டா அதுக்கு விதை."

பிரகடனம் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். மூடினார்.

"பழுப்பான்னா, எந்த மாதிரி பழுப்பு?"

"துரு மாதிரி இருக்கும்" என்றாள் அக்கா. "நாலு வருஷமா அவருக்கு வரவே இல்ல. வயசாயிடுச்சு. கிழங்கு நடுவுல அழுக ஆரம்பிச்சிருக்கு, நான் தொட்டுப் பாத்தேன். இந்தத் தடவை வந்தா எடுத்து விதைச்சிடணும். அதுதான் கடைசி. வந்துருச்சா?"

பிரகடனத்தின் வாழ்க்கையில் அறிவிப்பதற்கு வார்த்தை கிடைக்காத சந்தர்ப்பம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

"வந்துச்சு" என்றார். அது பொய்யில்லை. வந்தது உண்மை.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டோரத்தில் சின்னதாக ஒரு சந்தோஷம் தங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. படியிறங்கி வந்தார். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இருந்தது. நல்ல நிலையில்தான் இருந்தது. அவருக்கு அது தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து பெரியவர் இருந்த இடத்தின் முன்னால் நின்றார். தரையோடு தரையாகப் பதினெட்டு மொட்டைக் காம்புகள். மற்றச் செடிகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கண்ணும் கிடையாது என்பதை அவர் தமக்கே ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

*

மறுநாள் காலையில் மூட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். நர்ஸ் வழிமறித்தாள்.

"என்ன சார் இது?"

"கழட்டிய பாகம். உரிமையாளர் பாக்கணும்."

நர்ஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, வழிவிட்டாள்.

அக்காவின் கட்டில் ஓரத்தில் மூட்டையை வைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார். துரு என்று நினைத்தது, அறுத்தது, அறிக்கையில் மறைத்தது, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். அவர் ஆயுளில் பேசியதிலேயே சின்னப் பேச்சு அது.

அக்கா கூரையைப் பார்த்தாள்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"ஒண்ணுகூட விடாமலா?"

"விட்டா பரவிடும்னு..."

"எதையும் நோண்டாதேன்னு எழுதினேனேடா. ரெண்டு கோடு போட்டேனே."

அவர் தலை குனிந்து நின்றார். அக்காவின் கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக வழிந்து இறங்கியது. துடைக்கக் கை எழவில்லை அவளுக்கு. துடைத்துவிட அவருக்கும் துணிவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"எங்க போட்டே? குப்பையிலயா?"

"உன் கையெழுத்து இல்லாம எப்படிப் போடுவேன்?" என்று மூட்டையைக் காட்டினார்.

அவள் தலையை மட்டும் திருப்பினாள். "இது எதுல சுத்தியிருக்கு?"

"உன் பேப்பர்லதான்."

"பிளாஸ்டிக்ல சுத்தலையே?"

"இல்ல, பேப்பர்."

"எத்தனை நாளாச்சு?"

"இன்னையோட ஒம்போது."

"மெதுவா பிரி. ஊதிடாதே. மூச்சை அடக்கிக்கிட்டுப் பிரி."

பிரகடனம் கம்பியைத் தளர்த்தினார். ஒரு பொட்டலத்தைப் போர்வை மேல் வைத்து மடிப்பு மடிப்பாகப் பிரித்தார். இலைகள் காய்ந்து சுருண்டிருந்தன. ஒன்றைத் தூக்கினார். அதன் அடியில், அச்செழுத்துகளின் மேலே, அக்காவின் பழைய சிவப்புத் திருத்தங்களின் மேலே, இலை படுத்திருந்த அதே உருவத்தில் பழுப்புத் தூள் கோடு கோடாகப் படிந்திருந்தது.

அக்கா சிரித்தாள். சிரிக்கும்போதே வலித்தது போலிருக்கிறது, முகம் கோணியது. அப்படியும் சிரித்தாள். "மடப்பயலே. நானே எடுத்திருந்தாலும் இப்படித்தான்டா எடுத்திருப்பேன். வெட்டிப் பேப்பர்ல வெச்சிருப்பேன்."

"அப்போ நான் செஞ்சது சரியா?"

"தப்பு. ரெண்டு இலை போதும். பதினெட்டையும் மொட்டையடிக்க யார் சொன்னது? அட்டையைக் குடு."

பேனாவை எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். இப்போதெல்லாம் பேனா தலையணைக்கு அடியில் இருந்தது. முதலில் "கழட்டிய" என்பதைக் "கழற்றிய" என்று மாற்றினாள். பிறகு "துரு" என்ற சொல்லை அடித்து, மேலே "பொட்டு" என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். பாதியில் கோடு இழுபட்டுப் போய்விட்டது.

அதற்குள் களைத்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டே விதைக்கிற விதத்தைச் சொன்னாள். அவர் படிவத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். மண்ணைச் சலித்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்டதும் முளைக்கும். மூடி போட்ட கண்ணாடி மாதிரியான டப்பா வேண்டும். தாளைச் சாய்த்துத் தட்டினால் சக்கை முதலில் உருண்டு விழும், தூள் ஒட்டிக்கொண்டு நிற்கும், தூளை மட்டும் மூக்குப்பொடி அளவு தூவ வேண்டும். மேலே மண் போடக் கூடாது. மூடிவிட வேண்டும். வடக்கு ஜன்னலில் வைக்க வேண்டும்.

"அப்புறம்?"

"அப்புறம் நோண்டக் கூடாது."

*

பிரகடனம் சொன்னபடி செய்தார். டப்பா ஜன்னலில் உட்கார்ந்தது. தினமும் அறிக்கை போனது. "டப்பா: வெறும் மண்." மறுநாள், "டப்பா: வெறும் மண்." எட்டாவது அறிக்கையைப் படித்துக் காட்டியபோது அக்கா முனகினாள். அவளால் இப்போது பேனா பிடிக்க முடியவில்லை.

"வெறும் மண்ணுன்னு எழுதாதேடா. உன் பலகையில எழுதியிருப்பியே, அதை எழுது."

"பணி நடைபெறுகிறதுன்னா?"

"எந்த ற?"

"வல்லினம்."

"அப்பாடா" என்றாள் அக்கா.

விதைத்த பன்னிரண்டாவது நாள் பகல் பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பிரகடனம் அப்போது ஓர் அலுவலகக் கட்டடத்தில், நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே, லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் நின்றுகொண்டிருந்தார். "சரி" என்றார். போனைப் பையில் போட்டார். இன்னும் இறுக்க வேண்டிய போல்ட் மூன்று இருந்தன. மூன்றையும் இறுக்கினார். அரைகுறையாக விட்டுவிட்டுப் போனால் யாராவது ஏறிவிடுவார்கள். பிறகு வெளியே வந்து, கதவில் தொங்கிய பலகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அலுவலகத்தில் ஒருவர், "சரியாயிடுச்சா சார்?" என்று கேட்டார். "சரியாயிடுச்சு" என்று சொன்னதும், சொன்ன வார்த்தை காதில் விழுந்து அங்கேயே நின்றுவிட்டார்.

*

பிறகு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். வீடு பெரிதாகிவிட்டது. அச்சகத்திலிருந்து அவளுடைய கண்ணாடி உறையும் ஒரு கட்டுச் சிவப்புப் பேனாக்களும் வந்தன. பிரகடனம் காலையில் எழுந்து தண்ணீர் ஊற்றினார், வேலைக்குப் போனார், வந்தார். அவர் பேசுவது குறைந்துவிட்டதை மதிலுக்கு அந்தப் பக்கம் முதலில் கவனித்தார்கள்.

"என்னண்ணே, ஒரு சத்தத்தையும் காணோம்? பத்து நாளா எந்த உண்மையும் வெளிய வரலையே?" என்றார் தையற்காரம்மா.

அவர் செடிகளுக்கு அடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். 

தையற்காரம்மா ஈரத் துணியைக் கொடியில் போட்டார். பிறகு, "அக்கா அன்னைக்கு ரெண்டு தடவை சொல்லிட்டுப் போனாங்கண்ணே. வரேன், வரேன்னு. நான் இங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன். மனுஷங்களுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. இதுங்களுக்கு யார் சொல்றது?" என்றார்.

அபத்தமான கேள்வி. ஆனால் அது அவரை விடவில்லை. முறைப்படி பார்த்தால் தகவல் தெரிவித்தாக வேண்டும். வருவதாகச் சொன்னவர் வரமாட்டார் என்றால், காத்திருப்பவரிடம் ஒருவர் போய்ச் சொல்லத்தானே வேண்டும்? அதுவும் அவற்றுக்குக் காது கிடையாது, அதனால் சொல்வதில் யாருக்கும் வருத்தம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்காகவே சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு பின்பக்கம் போனார். பெரியவரின் முன்னால் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"அக்கா..." என்றார்.

காது இல்லாத செடிகள்தான். ஆனாலும் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. மண்டியிட்டு, மொட்டைக் காம்புகளின் நடுவில் விரலை வைத்தார். எத்தனை வாரமாகியும் அங்கே ஒரு சுருள்கூட வரவில்லை. குருத்து இருந்த இடம் ஊறிய ரொட்டி மாதிரி விரலுக்கு உள்வாங்கியது. அவள் சொன்னபடி நடுவிலிருந்து அழுகியிருந்தது. பதினெட்டு இலையும் இருந்திருந்தால் இன்னொரு வருஷம் தாக்குப்பிடித்திருக்குமோ, என்னவோ. அதைக் கேட்க ஆள் இல்லை.

டப்பாவிலும் மோசம்தான். மூன்றாவது மாதம் மண் மேல் பச்சையாகப் பாசி படர ஆரம்பித்தது. அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. மண்ணில் கொதிநீரைச் சரியாக ஊற்றவில்லை, கண்டது முளைத்துவிட்டது, அக்காவின் கடைசித் தூளையும் பாழாக்கியாகிவிட்டது. டப்பாவை எடுத்துக்கொண்டு குப்பைத் தொட்டிவரை போனார். தொட்டியின் மூடியைத் திறக்கக் கை வைத்தபோது அந்த விதி ஞாபகம் வந்தது. உரிமையாளர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அங்கேயே, தொட்டியின் பக்கத்தில், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதார். செய்தி வந்த நாளிலிருந்து அன்றுவரை அவர் அழுதிருக்கவில்லை.

கையெழுத்துப் போட ஆள் இல்லாத பாகத்தை எறிய அவருக்கு அதிகாரம் இல்லை. டப்பா ஜன்னலுக்கே திரும்பிப் போனது. பலகையை எடுத்து, "பெருகிறது" என்பதில் இருந்த ரகரத்தை அக்காவின் சிவப்புப் பேனாவால் அடித்து, மேலே வல்லினத்தைப் போட்டு, டப்பாவுக்கு முன்னால் சாய்த்துவைத்தார். லிஃப்டுகளுக்கு வேறு பலகை எழுதிக்கொண்டார்.

ஏழாவது மாதம், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. பல் துலக்கிக்கொண்டே டப்பாவுக்குள் பார்த்தவர், பிரஷ்ஷை வாயிலேயே விட்டுவிட்டுக் கண்ணாடியைத் தேடி ஓடினார். பாசி என்று நினைத்தது பாசி இல்லை. நகக்கண் அளவில் தட்டையான பச்சைத் துணுக்குகள், ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு. அவற்றுள் ஒன்றின் அடியிலிருந்து, தையல் நூலைவிட மெல்லியதாக, ஒரு தண்டு எழும்பியிருந்தது. அதன் நுனியில் கடுகளவு சுருள். இன்னும் விரியவில்லை.

அவர் யாரையும் கூப்பிடவில்லை. எதையும் அறிவிக்கவில்லை. வாயைக் கொப்பளித்தார், சட்டை போட்டார், அன்றைய படிவத்தில் தேதி எழுதினார். டப்பா என்ற இடத்துக்கு நேரே என்ன எழுதுவது என்று யோசித்து, கடைசியில் காலியாகவே விட்டுவிட்டார். மற்றச் செடிகளுக்கு அடியில் தண்ணீர் ஊற்றினார். தலையில் ஒரு சொட்டும் படவில்லை. பெரியவர் இருந்த இடத்தில் உதிர்ந்த இலைகள் மூடிக் கிடந்தன. அவற்றைக் கலைக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தார்.

கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனவர் திரும்பி வந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். கொடியில் துணி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, ஆள் இல்லை. ஜன்னல் அருகே போய், மூடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். மூச்சுப் பட்டு மூடி மங்கியது. சட்டைக் கையால் துடைத்தார்.

"போயிட்டு வரேன்" என்றார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, அது சரியாகக் கேட்டிருக்காதோ என்று, இன்னொரு தடவை சொன்னார்.